கதவு இருந்த இடத்தில்

உட்காருங்கள் ஆன்ட்டி. அந்த நாற்காலி வேண்டாம், அது நகராது. இதில் உட்காருங்கள், இது சுற்றும். கைப்பையைக் கீழே வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே மகள் ஆடுகிறாளா? அப்படியென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. மைக் வேலை செய்யவில்லை என்று இப்போதுதான் ஒருவன் ஓடினான். எங்கள் பல்கலைக்கழகத்தில் மைக் சரியாவதற்குள் உங்கள் மகள் ஆட்டத்தையே மறந்துவிடுவாள். இங்கே ஏ.சி.யாவது இருக்கிறது.

இந்த ஹெட்செட்டை மாட்டிவிடுவதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் இந்தப் புது வடிவத்தைப் பார்க்கப்போகிற முதல் ஆள். சாயங்காலம் துணைவேந்தர் வருகிறார். பக்கத்தில் எங்கள் துறைத்தலைவர் கனகசபை சார் சிரித்துக்கொண்டே வருவார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நான் துடைக்கப்போகிறேன். நான் பழிவாங்குகிற ஆள் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். விடுதியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இலக்கியா நியாயத்துக்குத்தான் சண்டை போடுவாள் என்பார்கள். கூடவே வேறு சிலதும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

மூன்று வாதம் வைக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

முதல் வாதம், இது என் படம். ஆற்றோரத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது. இப்போது இல்லை. அங்கே இருந்தவர்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அதில் ஒருவர் சகாயமேரி. சகாயம் அக்கா என்று கூப்பிடுவேன். மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொடுக்கிறவர். இடித்த வீட்டைக் கேமராவால் எடுக்க முடியாது இல்லையா? அக்காவிடம் ஒரு போட்டோ கூட இல்லை. அதனால் அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, அந்த வீட்டை அனிமேஷனில் கட்டுவது. ஹெட்செட்டை மாட்டினால் நீங்கள் அந்த வீட்டுக்கு நடுவில் நிற்பீர்கள். தலையைத் திருப்பினால் அடுப்பு, நிமிர்ந்தால் ஓட்டைக் கூரை. காதில் அக்கா குரல். இது எப்படி ஆவணப்படம் ஆகும், கார்ட்டூன்தானே என்று வகுப்பில் பெரிய சண்டை. ஒரு மனுஷிக்கு ஞாபகம் இருக்கிறதே, அதைவிட என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டேன். அத்தனை பேரும் வாயை மூடினார்கள். யோசனை என்னுடையது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் போவேன். எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடினால் அன்றைக்குத் திருவிழா. அக்கா தரையில் உட்கார்ந்து கையால் கோடு போட்டுக் காட்டுவார். இங்க அடுப்பு, இங்க தண்ணி டிரம்மு, இங்க மேரி மாதா. சுவருக்குக் கிளிப்பச்சை. அவர் வீட்டுக்காரர் எங்கோ பெயின்ட் அடித்துவிட்டு மிச்சம் கொண்டுவந்தது, ஒன்றரைச் சுவருக்குத்தான் வந்ததாம். அந்த அரைச் சுவரைக்கூட நான் விடவில்லை. பச்சை எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்தியிருந்தேன்.

ஆனால் அவர் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கதவில் போய் நிற்கும். ஏதோ பங்களாவை இடித்தபோது பழைய சாமான் கடையில் வாங்கின கதவு. தேக்கு. நடுவில் வெளியாளைப் பார்க்கிற லென்ஸ் வேறு.

“சொவுத்துல ஆயிரம் ஓட்ட, கதவுல மட்டும் பூதக்கண்ணாடின்னு தெருவே சிரிக்கும்மா” என்பார். “சிரிக்கட்டுமே. எவன் வந்து தட்டுனாலும் ஒத்தக் கண்ண மூடிக்கினு பாப்பேன். தண்டல்காரன் மூஞ்சி பூசணிக்கா மாரி தெரியும். தொறக்கறதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன். நான்தான்.”

இடிக்க வந்த அன்றைக்கும் கதவுதான். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் சார் என்று அந்த அதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறார். அவர் மரியாதையாகத்தான் பேசினாராம். “ஆத்துக்கு இடம் வேணும்மா. புரிஞ்சுக்குங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்” என்றாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் கதவோடு சேர்த்துச் சுவரைத் தள்ளிவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது ஆன்ட்டி. அந்த மரியாதைதான் பெரிய வன்முறை என்று அன்றைக்கே ஒரு கட்டுரை எழுதினேன். ஆனால் படத்துக்கு முக்கியம் அடுப்பு. பசி, நெருப்பு, பெண் உழைப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. கதவில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அவர் கதவுக்குப் போகும்போதெல்லாம் நான் நாசூக்காக அடுப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பேட்டி எடுப்பதும் ஒரு கலை. இருந்தாலும் கதவையும் கட்டினேன், குறை வைக்கவில்லை. லென்ஸில் கண்ணை வைத்தால் ஆறு வளைந்து தெரியும். அந்த ஒரு லென்ஸுக்கு எத்தனை நாள் தூக்கம் போனது என்று என் அறைத்தோழிக்குத் தெரியும்.

கனகசபை சார் அந்த அடுக்குமாடிக்கு வந்தது ஒரே ஒரு தடவை. லிஃப்ட் ஓடவில்லை. “நீ ஏறிப் பாத்துட்டு வாம்மா, எனக்கு முட்டி” என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா டீ போட்டு எட்டு மாடி இறங்கிக் கொண்டுவந்தார். சார் கண்ணாடியை இறக்கி, சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். பாருங்கள் அந்தத் திமிரை. எனக்குத் தாங்கவில்லை, நானே வாங்கிக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஆறிடுச்சே அக்கா என்றேன். அவர் மறுபடி மேலே போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தார். அவ்வளவு நல்ல மனுஷி. அப்படிப்பட்டவரை அந்த ஆள் அவமானப்படுத்தினார்.

இரண்டாவது வாதம், படத்தின் தலைப்பு அட்டை. ‘கருத்தாக்கம், இயக்கம், வடிவமைப்பு: முனைவர் கனகசபை. உதவி: மாணவர்கள்.’ அவ்வளவுதான். மாணவர்கள் என்றால் யார்? அந்த வீட்டைப் பார்க்காதவனும் மாணவன்தான், மென்பொருள் திறக்கத் தெரியாதவனும் மாணவன்தான்.

அறைக்குப் போய்க் கேட்டேன். “சார், என் பேர் இல்ல.”

“மாணவர்கள்னு போட்டிருக்கேம்மா. நீ மாணவி இல்லையா?”

“யோசனை, பேட்டி, வீடு, மொத்தமும் நான் சார். நீங்க மாடிகூட ஏறல.”

“இலக்கியா, வீடு இழந்தவங்களைப் பத்தின படத்துல உன் பேரத் தேடுறியே, உனக்கே கூச்சமா இல்ல? தனிநபர் மோகம்தான் கலையைக் கெடுக்குதுன்னு நீதானே கட்டுரை எழுதின? நல்ல கட்டுரைம்மா அது.”

எழுதியிருந்தேன்தான். என் கத்தியை எடுத்து என்னையே குத்துகிற ஆளிடம் என்ன பேசுவது? அறையில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். அடுத்தவர் வாழ்க்கையை, அடுத்தவர் உழைப்பை எடுத்துத் தன் பேரை ஒட்டிக்கொள்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்தான் ஆன்ட்டி, இதில் இரண்டாம் கருத்தே கிடையாது. என்ன? சகாயம் அக்கா பேரா? அக்கா பேர் அட்டையில் எதற்கு, அவர்தான் படம் முழுக்க இருக்கிறாரே. பேச்சை மாற்றாதீர்கள்.

பழிக்கு வழியையும் சார்தான் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் பார்த்துவிட்டு, “பின்பக்கத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு உழைப்பு? யாரும் திரும்ப மாட்டாங்க. ஆடியன்ஸுக்கு முன்னாடி மட்டும்தான் கண்ணு” என்றார். அது உண்மைதான். இந்த வகைப் படத்தில் ஆரம்பத்தில் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பார்கள், பிறகு எங்கே குரல் கேட்கிறதோ அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நாங்கள் எல்லாருமே பின்பக்கத்தை ஏனோதானோ என்று விட்டுவிடுவோம்.

சரி சார், அந்தப் பின்பக்கத்திலேயே உங்களை உட்கார வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். அச்சு அசலாகச் செய்தேன். அதே கட்டம் போட்ட சட்டை, அதே மோதிரம், தொடையைத் தட்டிக்கொண்டே பேசுகிற அதே பழக்கம். திரும்பினால் மட்டும் என் குரல் கேட்கும். ‘இந்தப் படத்தை இயக்கியதாகச் சொல்பவர் இவர். இந்த வீட்டின் சொந்தக்காரரைக் காருக்குள்ளிருந்துதான் பார்த்தார்.’ சுருக்கமான வசனம். எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். இந்த ஹெட்செட்டுக்குக் கொள்ளளவு கொஞ்சம்தான். ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் திக்கித் திக்கி நிற்கும், பார்க்கிறவருக்கு வாந்தி வரும். சார் உருவம் கனமாகிவிட்டது, மோதிரம் பளபளக்க வேண்டுமே. எதை எடுத்தால் யாருக்கும் தெரியாது என்று பார்த்தேன். பின்பக்கத்தில் இருப்பதிலேயே கனம் அந்தக் கதவுதான், லென்ஸும் ஆறுமாக. எடுத்தேன். கதவு இருந்த இடத்தில் சார் கச்சிதமாகப் பொருந்தினார். அகலம்கூடச் சரியாக இருந்தது.

திரையீட்டு நாள். பார்க்கிறவர்கள் திரும்ப வேண்டும் என்று சுழல் நாற்காலி கேட்டிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால், கல்யாண மேடையில் போடுவார்களே, சிவப்பு வெல்வெட் சோபா, தங்கக் கரை வைத்தது, அதை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். “பெரியவங்க வர்றாங்க, சுத்துற சேர்ல தலை சுத்தும்” என்றாராம் சார். பெரியவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை மாதிரி சோபாவில் சாய்ந்தார்கள். அடுப்பைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருமை, அருமை என்றார்கள். ஒருவராவது கழுத்தைத் திருப்ப வேண்டுமே. நான் மூலையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பத்திரிகைக்காரர்களுக்குப் படம் வேண்டும் என்று சகாயம் அக்காவை முன்னால் அழைத்தார் சார். அக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தார். அவருக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டு, அவர் பார்ப்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்று பெரிய டி.வி.யில் இணைத்தார்கள். அதுவும் சார் யோசனைதான். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டி.வி. அவர் யோசனை.

அக்கா கையை நீட்டி அடுப்பைத் தொடப் பார்த்தார். “அய்ய, டிரம்மு மூடி கூட கீதும்மா” என்று சிரித்தார். அரைப் பச்சைச் சுவரைப் பார்த்து வீட்டுக்காரரைத் திட்டினார். கூட்டமும் சிரித்தது. பிறகு எழுந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே எழுந்து அப்படியே பின்னால் திரும்பினார். அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவரும் திரும்பவில்லை ஆன்ட்டி, இவர் ஒருவர்தான் திரும்பினார். வலது கையைத் தாழ்ப்பாள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி முகத்தைச் சாய்த்து, ஒரு அடி எடுத்துவைத்தார்.

டி.வி. முழுக்க கனகசபை சார். தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். என் குரல் மண்டபம் பூராவும் கேட்டது.

அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் சார் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்தது பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி. அக்கா கை அந்தரத்தில் அப்படியே நின்றிருக்கிறது. பிறகு பேப்பரில் வந்த போட்டோவில்தான் கவனித்தேன். நல்ல போட்டோ.

ஜெயித்தேன் என்று நினைத்தேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தொண்டையைச் செருமினார், மைக்கை வாங்கினார், கை தட்டினார். “இதுதான் இந்தப் படத்தோட உயிர்” என்றார். “ஏழையின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? நாம்தான். படித்த வர்க்கம்தான். அதனால் படைப்பாளியான நான் என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டேன்.” குரல் தழுதழுத்தது ஆன்ட்டி, அந்த நடிப்பை என்னவென்று சொல்வது. எழுந்து நின்று தட்டினார்கள். மறுநாள் பேப்பரில் ‘தன்னையே விசாரித்துக்கொண்ட பேராசிரியர்’. அடுத்த வாரம் விருது. என் பழியையும் திருடிவிட்டார். பேரைத் திருடலாம், உழைப்பைத் திருடலாம், ஒருத்தி வைத்த ஆப்பையும் எடுத்து மாலையாகப் போட்டுக்கொள்கிறவனை எங்கேயாவது கண்டதுண்டா?

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் சகாயம் அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அந்தப் பெரியவரு எப்பம்மா எங்கூட்டுக்கு வந்தாரு?”

“வரவே இல்லக்கா. அதுதான் விஷயமே.”

“அப்பறம் இன்னாத்துக்கு என் வாசல்ல குந்திக்கினு கீறாரு? கதவு எங்க?”

நான் பொறுமையாக விளக்கினேன். அது குறியீடு அக்கா, அதிகாரத்தை எதிர்க்கிற இடம் அது, உங்களுக்காகவும் சேர்த்துத்தான் போராடுகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டே முந்தானையைச் சரிசெய்தார்.

“செரிம்மா. வெளிய போக வழியில்லாம கீதே, அதான் கேட்டேன்” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “இன்னொரு தபா கதவோட காட்றியா?” என்றார்.

காட்டுகிறேன் அக்கா, இவரை ஒரு வழி பண்ணிவிட்டு என்றேன். பாவம், அவருக்கு இந்த அரசியல் எல்லாம் புரியாது. அதற்குப் பிறகு அடிக்கடி போன் செய்கிறார். எடுத்தால் பேச வேண்டும், வேலை கெடும், அதனால் எடுப்பதில்லை. இன்றைக்கு அவரே கதவைப் பார்க்க வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். வரட்டும். அவர் பக்கத்தில் நின்றால் துணைவேந்தருக்கு மனதில் தைக்கும்.

இந்தக் கண்காட்சிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டதும் சார்தான். “உன் வாய்க்கு இதுதான் சரி, பொதுமக்களுக்கு விளக்கு” என்றார். இந்தப் புது வடிவத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் என்ன செய்திருக்கிறேன் என்று இப்போது பார்ப்பீர்கள். போன தடவை நான் செய்த தப்பு, அவரை ஒரு மூலையில் வைத்தது. ஒரு மூலையில் வைத்தால் சுயவிமர்சனம் என்று சொல்லித் தப்பிப்பார். இந்த முறை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான். இடது பக்கம் கார், கண்ணாடியை ஏற்றுகிறார். வலது பக்கம் அவர் அறை, தனிநபர் மோகம் என்று சிரிக்கிறார். நேரே, வீட்டைக் கட்டி முடித்தாயா என்று அவர் எனக்கு அனுப்பின குரல்செய்திகள், ஒன்றன்பின் ஒன்றாக. மேலே பார்த்தால் உண்மையான தலைப்பு அட்டை, என் பேரோடு. சோபாவில் உட்கார்ந்தாலும் சரி, தலைகீழாக நின்றாலும் சரி, தப்ப முடியாது. அக்கா குரலைக் கொஞ்சம் தணித்துவிட்டேன், என்னுடையது கேட்க வேண்டும் இல்லையா.

மூன்றாவது வாதமா? இதுதான் மூன்றாவது. மாட்டிவிடுகிறேன், கண்ணை மூடாதீர்கள். பட்டை முடியை இழுக்கிறதா? சரி. தெரிகிறதா ஆன்ட்டி? சார் தெரிகிறாரா? மெதுவாகச் சுற்றுங்கள். கார் வந்ததா? மோதிரத்தைப் பாருங்கள், அசல் தங்கம் மாதிரி இல்லை? இன்னும் சுற்றுங்கள். இன்னும்.

என்ன தேடுகிறீர்கள்?

வீடா?

அது இப்போது இல்லை ஆன்ட்டி. சொன்னேனே, ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்க வேண்டும். காருக்காக டிரம் போனது, அறைக்காக அந்தப் பச்சைச் சுவர், பிறகு கூரை, அடுப்பு. எனக்கு மட்டும் ஆசையா? இடம் வேண்டியிருந்தது. புரிந்துகொள்ளுங்கள். எல்லாம் சகாயம் அக்காவின் நல்லதுக்குத்தான்.